முதலாளியின் நேர்த்தி

இத்தாலியின் பலெர்மோவில் புனித ரொசாலியா கோயிலுக்குப் போகும் மலைப்பாதையில் ஒரு மன்னார்க்காரர் செருப்பைக் கையில் பிடித்தபடி வெறுங்காலுடன் ஏறுகிறார்.

“என்ன நேர்த்தி, அண்ணை?”

“என்ரை இல்லைத் தம்பி, நான் வேலை செய்யிற வீட்டு முதலாளியின்ரை. இஞ்சை ஃபுட்போல் விளையாட வந்த அந்த இங்கிலாந்துக்காரன்ரை முழங்கால் சுகமாக வேணுமெண்டு நேர்ந்தவர். மலை ஏற முதலாளிக்கு மூச்சு வாங்கும், அதுதான் என்னை அனுப்பினவர்.”

எனக்கும் அந்த முன்கள வீரரைத் தெரியும். இத்தாலியில் கோல் கம்பத்தைவிட ஆஸ்பத்திரிக் கட்டிலைத்தான் அதிகம் தரிசித்தார். போன மாதம் ஓய்வும் பெற்றுவிட்டார்.

“அவர்தான் விளையாட்டை விட்டிட்டாரே?”

“ஓம். இப்ப கால் சுகமாம், தன்ரை ஊரிலை கோல்ஃப் விளையாடுறாராம். அதுக்கு நன்றி சொல்லத்தான் இந்த ஏற்றம்.”

“மாட்டன் எண்டு சொல்லேலாதோ?”

“இஞ்சை இருக்கிறதுக்கான என்ரை பெர்மெஸ்ஸோ அனுமதியைப் புதுப்பிக்க முதலாளி கையெழுத்து வைக்க வேணுமே” என்று குனிந்து தன் முழங்காலைத் தேய்க்கிறார்.