மின்னி மயங்கி விழுந்த காடை வேட்டை

நாய் சாகப்போகிறது என்று தோன்றிய அந்த நேரத்தில் என்னிடம் ஒரு ஸ்டெதஸ்கோப்கூட இல்லை. டல்லாஸுக்கு மேற்கே, சீமைக்கருவேலமும் சப்பாத்திக்கள்ளியும் மண்டிய ஒரு மேய்ச்சல் நிலத்தில் நின்றிருந்தோம். அன்று எனக்கு லீவு. வேடிக்கை பார்க்கத்தான் போயிருந்தேன்.

நாய் என் பேஷண்ட். பெயர் மின்னி. சின்ன காக்கர் ஸ்பானியல், பத்து கிலோகூட இருக்காது. அவளை வளர்ப்பவர்கள் டல்லாஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் இருக்கும் அன்ரனி அங்கிளும் அவர் மனைவி ரெஜினா ஆன்ட்டியும். யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஆன்ட்டி மடியில் வைத்துக் கொஞ்ச வாங்கிய குட்டி அது. ஒருநாள் பார்க்கில் புதருக்குள் பாய்ந்து ஒரு பறவையைக் கிளப்பியது. அந்த ஜாதியே இதற்காக வளர்க்கப்பட்டதுதான் என்று தெரிந்ததும், ரிட்டையர் ஆகி வீட்டிலிருந்த அங்கிள் வேட்டை லைசென்ஸ், துப்பாக்கி, ட்ரெய்னிங் என்று இறங்கிவிட்டார்.

நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்த எனக்குக் காடை என்றால் பண்ணைக் கூண்டில் இருப்பது. காட்டுக் காடையை அன்றுதான் பார்த்தேன். மின்னி மூக்கைத் தரையில் வைத்துப் புல்லுக்குள் ஓடினாள். வால் படபடத்தது. சட்டென்று ஒரு கூட்டமே இறக்கையடித்து எழுந்தது. அங்கிள் சுட்டார். விழுந்த காடையை மின்னி பல் படாமல் கவ்வி வந்து அவர் கையில் வைத்தாள். பாராட்டுக்குக்கூட நிற்கவில்லை, அடுத்த புதருக்கு ஓடிவிட்டாள்.

வெயில் ஏறிய பிறகு அவள் பின்னங்கால்கள் தள்ளாடின. இரண்டடி நடந்து சரிந்தாள். உடம்பு வெட்டி இழுத்தது.

"ஐயோ டொக்டர், பாம்பு கடிச்சுப் போட்டுதோ?"

தடவிப் பார்த்தேன். கடிவாய் இல்லை, வீக்கம் இல்லை. "காலைல என்ன சாப்பிட்டா அங்கிள்?"

"ஒண்டும் சாப்பிடேல்லை. துவக்கைக் கண்டா அவளுக்குச் சந்தோசத்தில சாப்பாடு இறங்காது." துப்பாக்கியைத்தான் அவர் துவக்கு என்பார்.

சின்ன உடம்பு, காலி வயிறு, நிற்காத ஓட்டம். ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்க வேண்டும். இனிப்பு ஏதாவது வேண்டும் என்றேன். பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்தார். வலிப்பில் இருக்கும் நாய்க்கு அது தொண்டையில் அடைத்துவிடும். காலையில் கடையில் பிஸ்கட்டோடு கொடுத்த தேன் பாக்கெட் ட்ரக்கில் இருந்தது நினைவுக்கு வந்தது. மூட்டுவலிக்காரரான அங்கிள் அந்தக் கரடுமுரடில் ஓடிப்போய் எடுத்து வந்தார். பற்களுக்கு இடையில் விரல் போகாமல், உதட்டின் உட்புறம் ஈறில் தேய்த்துக்கொண்டே இருந்தேன். மெல்ல வலிப்பு நின்றது. தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அங்கிள் தரையில் உட்கார்ந்து அழுதார். பக்கத்து ஊர் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக் கூட்டி வந்தோம்.

அடுத்த வாரம் இருவரும் என் கிளினிக்குக்கு வந்தார்கள். ரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை.

"இனி இவள் வேட்டைக்குப் போறேல்லை. நீங்களே சொல்லுங்கோ டொக்டர்," என்றார் ஆன்ட்டி. அங்கிள் தலை நிமிரவில்லை.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அது பாதுகாப்பான பதில், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்: "வீட்ல எப்படி இருக்கா?"

ஆன்ட்டியின் குரல் இறங்கியது. "இவர் வேட்டைக்குப் போடுற அந்த செம்மஞ்சள் ஜாக்கெட்டை இழுத்துக்கொண்டு வந்து கதவடியில கிடக்கிறாள். கூப்பிட்டாலும் வாறாளில்லை."

"ஆன்ட்டி, போகவே கூடாதுன்னு சொல்ல மெடிக்கலா எனக்கு ரீசன் இல்ல. ஆனா அடிக்கடி நிறுத்தி ஏதாவது குடுக்கணும், ரெஸ்ட் எடுக்க வைக்கணும். அங்கிள் கவனம் துப்பாக்கில இருக்கும். மின்னிய மட்டும் பாத்துக்க ஒரு ஆள் வேணும்."



"நான் வாறன்," என்றார் ஆன்ட்டி.

அங்கிள் திகைத்தார். "நீயோ? வெடிச் சத்தம் கேட்டா அறையைப் பூட்டிக்கொண்டு இருக்கிற ஆள் நீ!"

யுத்த காலத்தில் ஊரைவிட்டு ஓடி வந்தவர் ஆன்ட்டி. ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின வாணவேடிக்கைக்கே காதைப் பொத்திக்கொள்வார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"அது என்ர பயம். அவளின்ர பயம் இல்லையே," என்றார்.

பிறகு நடந்ததை ஆன்ட்டியே மின்னியின் தடுப்பூசிக்கு வந்தபோது சொன்னார். முதல் வெடி கேட்டதும் மின்னியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாராம். அங்கிள் தோட்டாக்களை எடுத்துவிட்டு, துப்பாக்கியை ட்ரக்கில் வைத்துப் பூட்டி வந்தாராம். மிச்ச நேரம் முழுக்க மூவரும் நடந்தார்களாம். இப்போது அங்கிள் வேட்டைக்கு நண்பர்களோடு தனியாகப் போகிறார். மின்னியும் ஆன்ட்டியும் வரும் நாளில் துப்பாக்கி வீட்டில் இருக்கும்.

இங்கே கால்நடை மருத்துவ லைசென்ஸ் தேர்வு எழுத வரும் நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ரிப்போர்ட் கையில் இருந்தாலும், வீட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்காமல் "வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். நான் சர்க்கரையைப் பற்றித்தான் ஆலோசனை சொன்னேன். அதை வைத்து வாழ வழி கண்டுபிடித்தவர்கள் அவர்கள்.

"மின்னிக்கு இப்ப சந்தோஷமா ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

ஆன்ட்டி சிரித்தார். "காடை எழும்பிப் பறக்குது, நாங்கள் ரெண்டு பேரும் அண்ணாந்து பாக்கிறம். இவள்தான் 'ஏன் சுடேல்லை' எண்டு இவரைத் திரும்பித் திரும்பிப் பாக்கிறாள்."