மூலை வீட்டுக் காம்பவுண்டு சுவர்

எங்கள் காம்பவுண்டு சுவர் எவ்வளவு உயரம் இருக்கலாம் என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. மூன்று மாதம் அதே வேலையாக அலைந்தவள் நான், ஆனாலும் தெரியாது.

ஜோகுபாளையத்தில் எங்களுடையது மூலை வீடு. இரண்டு பக்கமும் ரோடு. அப்பா அரசு வேலையில் இருந்தபோது கட்டியது. ரோடு அகலப்படுத்தும் இடங்களுக்குப் போய், எந்தச் சுவர் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து சிவப்புக் கோடு போடுவதுதான் அவர் வேலை. இப்போது மறதி முற்றிவிட்டது. டீ குடித்த கையோடு டீ கேட்பார். கேட்டைப் பூட்டிவைத்தால் சுவரைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விடுவார்.

இந்த வயதில் சுவரைத் தாண்டுவதா என்று கேட்பீர்கள். கட்டும்போது அது நெஞ்சு உயரம் இருந்தது. ஆனால் தார் போட வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே கொட்டிவிட்டுப் போனார்கள். மழைத் தண்ணீர் உள்ளே வந்தது. நாங்களும் சளைக்காமல் வாசலில் மண் கொட்டி மேடாக்கினோம். இரண்டு பக்கமும் போட்டி போட்டு ஏறியதில் சுவர் முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. ஒருநாள் அப்பா அதைத் தாண்டி இறங்கியபோது, மூலையில் திரும்பிய ஆட்டோ அவர் சட்டையை உரசிக்கொண்டு நின்றது.

மேஸ்திரியை அழைத்து மூலையில் நாலு வரிசை கல் ஏற்றச் சொன்னேன். இரண்டு வரிசை ஏறுவதற்குள் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். பிறந்து வளர்ந்த ஊர் பாஷை என்பதால் பேச்சுக் கன்னடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்த ஆபீஸ் கன்னடத்தில், வேலையை நிறுத்து என்பது மட்டும்தான் புரிந்தது.

நோட்டீஸ் ஒட்டிய மாநகராட்சி ஆபீஸுக்கு நேரில் போனேன். மூலையில் சுவர் உயரக் கூடாதாம், திரும்புகிற வண்டிக்கு ரோடு தெரிய வேண்டுமாம். சுவர் தாழ்வாக இருந்ததால்தான் அந்த ஆட்டோக்காரர் அப்பாவைப் பார்த்து பிரேக் போட்டிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. அப்படியென்றால் நான் கல் ஏற்றியது அப்பாவைக் காப்பாற்றவா, கொல்லவா?

"எவ்வளவு உயரம் வரைக்கும் போலாம்?" என்று கேட்டேன். ரோட்டிலிருந்து அளந்தால் ஒரு பதில், வீட்டுத் தரையிலிருந்து அளந்தால் வேறு பதில். எந்தத் தரை, பழையதா, மண் கொட்டியதா? தாழ்ந்த சுவரின் மேல் பார்வையை மறைக்காத கிரில் வைக்கலாம் என்றார் ஒருவர். அப்பாடா என்றிருந்தது. "அதுக்கு முன்னாடி உங்க செவுரு ரோட்டுல இருக்கா, சைட்டுல இருக்கான்னு பாக்கணும் மேடம்" என்றார் அடுத்த மேஜைக்காரர். ரோட்டு நடுவிலிருந்து அளக்க வேண்டும் என்றார் இவர். மோரி ஓரத்திலிருந்து என்றார் அவர். எங்கள் ஊரில் சாக்கடையை மோரி என்போம். அந்த மோரியே இரண்டு முறை இடம் மாறிவிட்டது. தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறையாக வீடு வந்து சேர்ந்தேன்.

ஒருவழியாக இன்ஜினியர் ஒருவர் டேப்போடு வந்தார். டேப் இழுபடும் சத்தம் கேட்டதும் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, ஒரு முனையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"முனையில இருந்து புடிக்காதீங்க சார், தேஞ்சிருக்கும். ஒரு அடி விட்டுப் புடிங்க, அப்புறம் கழிச்சுக்கலாம்."

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கத்துச் சுவர்களின் வரிசையைப் பார்த்தார். மோரிக் கல்லைக் காலால் தட்டினார். அளந்தார். பிறகு ஒரு செங்கல் துண்டை எடுத்து, சுவருக்கு உள்பக்கம், செம்பருத்திச் செடியை ஒட்டி மண்ணில் நேராக ஒரு கோடு கிழித்தார்.

"ரெண்டடி ரோட்டுல இருக்கு. எடுக்கணும்."

இன்ஜினியர் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். "சார் சொல்றது கரெக்ட் மேடம். இதுலயும் அப்படித்தான் இருக்கு."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஊரார் சுவருக்கெல்லாம் கோடு போட்டவர், தன் சுவரை மட்டும் இரண்டடி தள்ளிக் கட்டினாரா? தெரிந்தேவா? இத்தனை வருடம் மனதில் வைத்திருந்தாரா? யாரிடம் போய்க் கேட்பது என்று புரியாமல் அழுகை வந்துவிட்டது.

"அப்பா, இது நம்ம செவுரு. நீங்க கட்டினது."

அவர் என்னை மரியாதையோடு பார்த்தார். வேலைக்குப் போன இடங்களில் வீட்டுக்காரர்களை அப்படித்தான் பார்த்திருப்பார்.

"அழாதீங்கம்மா. செவுரு போனா வீடு ஒண்ணும் போயிடாது. ஓனரை வரச் சொல்லுங்க, ஒரு கையெழுத்து போடட்டும்."

நோட்டீஸில் இருந்தது அவர் பெயர். இன்ஜினியர் அளவு எழுதிய தாளையும் பேனாவையும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நீட்டினார். நான் வாங்கி அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதை என்னிடமே திருப்பித் தந்தார். நான் என் கையெழுத்தைப் போட்டு, அதன் கீழே மகள் என்று எழுதினேன்.

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதைப் படித்தார்.

"மகளா? போதும்மா. அப்பா வந்ததும் அவர்கிட்ட சொல்லிடுங்க."