அடுப்புப் புகைந்த வீடு

கட்டின புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அனந்தபத்மநாபன். எழுதிவிட்டேன். திருவனந்தபுரத்தில் இந்தப் பேருள்ள மனுஷருக்கு வாழ்க்கைப்பட்டால் படுகிற பாடு வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. சந்நிதியில் நின்று சாமியைக்கூடப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. 'பெருமாளே' என்று பொதுவாகக் கூப்பிட்டுவிட்டு வருவேன். அந்தப் பெருமாளாவது ஒரே இடத்தில் படுத்திருக்கிறார். எங்காத்துக்காரருக்கு அதுவும் முடியாது.

வஞ்சியூர் கோர்ட்டில் ஒரு பெரிய வக்கீலிடம் இவர் குமாஸ்தா. நாற்பத்தொன்பதில் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. தலைநகரம் எங்களுக்கு, ஹைகோர்ட் எர்ணாகுளத்துக்கு என்று பாகம் பிரித்தார்கள். ஹைகோர்ட் பின்னாலேயே வக்கீல்கள் பெட்டி படுக்கையோடு போனார்கள். "நீரும் வாருமே" என்று எங்கள் வக்கீல் கூப்பிட்டார். இவர் மாட்டேன் என்றார். பெரிய பெரிய வீடுகள் பூட்டிக் கிடந்தன. பால்காரி பாதிப் பாலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். கோர்ட்டுப் பக்கத்துக் காப்பிக் கடைக்காரன் பெஞ்சுகளை விற்றான்.

"ஊர் ஒழிஞ்சு போறது, சூடாமணி" என்று எந்நேரமும் இதே புலம்பல். வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பிறகு ஒருநாள் காப்பி டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டுச் சொன்னார்.

"பென்ஷன்காராளைக் கூட்டிண்டு வரணும்."

"என்னது?"

"ஆலை வந்தா புகை வரும், ஸ்ட்ரைக் வரும். பென்ஷன்காரனுக்குப் புகையும் இல்லை, ஸ்ட்ரைக்கும் இல்லை. மாசம் பொறந்தா பணம் வரும், இங்கேதான் செலவழிப்பான். பால் வேணும், புஷ்பம் வேணும், வைத்தியன் வேணும், கண்ணாடிக்காரன் வேணும். ஒரு பென்ஷன்காரன் வந்தா ஒரு தெரு பிழைக்கும், மனசிலாச்சா?"

"கிழவாளாக் கொண்டுவந்து ரொப்பினா ஊர் எப்படி வளரும்?"

"லீவுக்குப் பேரன் பேத்தி வருவா. அதிலே நாலு பேர் இங்கேயே காலேஜ்ல சேருவா. நீ பாரேன்!"

பார்த்தேன். அப்படியே நடந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். நடக்காமல் போயிருந்தால் மனசாரத் திட்டித் தீர்த்திருப்பேன்.

வீட்டுத் தரகராக ஆனார். தம்பானூர் ஸ்டேஷனில் மெட்ராஸ் வண்டி வந்து நின்றால் இவர் அங்கே நிற்பார். பத்மநாபசுவாமியைச் சேவிக்க வந்த பெரியவர்களிடம் ஊர்க் காற்றைப் பற்றிப் பேசிப் பேசியே வீடு பார்க்க அழைத்து வந்துவிடுவார். ஆனால் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் அவர்கள் முகம் சுருங்கிவிடும். உள்ளே வௌவால் வாடை. கிணற்றில் பாசி. "இங்கே யார் செத்துப்போனா?" என்று கேட்பார்கள். யட்சி உண்டா என்றுகூட ஒரு மாமி கேட்டாள்.

அப்போதுதான் இவர் மூளையில் அது உதித்தது. யார் தலையில் விடிந்தது? என் தலையில்.

"பூட்டின வீட்டை யாரும் எடுக்கமாட்டா. அடுப்புப் புகைஞ்ச வீட்டைத்தான் எடுப்பா. நாமளே போய்க் கொஞ்ச நாள் இருப்போம்."

வீட்டுக்காரர்களுக்குச் சந்தோஷம். வாடகை வேண்டாம் என்றார்கள். நான் போய் வௌவாலை விரட்டுவேன், கிணறு இறைக்கச் சொல்வேன், தளத்தைத் தேய்ப்பேன், வாசலில் கோலம் போட்டு விளக்கேற்றுவேன். வீடு பார்க்க வருகிறவர்கள் உள்ளே நுழையும்போது காப்பி மணக்கும். "ஆஹா, லக்ஷ்மீகரமா இருக்கே!" என்பார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்தால் எனக்கு வயிறு எரியும். அதற்கு அர்த்தம், நான் மூட்டை கட்ட வேண்டும்.

வண்டிக்காரன் ஐயப்பன் வாசலில் மாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே கேட்பான். "இந்தத் தவண எங்கோட்டாக்கும் அம்மா?" அவன் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மியை எந்தச் சாக்கில் சுற்றுவது என்று என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். நான் நட்ட கறிவேப்பிலைக் கன்றுகள் ஸ்ரீவராகம், கரமனை, மணக்காடு என்று ஊரெல்லாம் மரமாகி நிற்கின்றன. பறித்துச் சமைப்பது யாரோ.

இதில் ஒரு கொடுமை உண்டு. புதிதாக வருகிறவர்கள் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சித்தான் குடிவருவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. "பால் காய்ச்சட்டுமா?" என்று முதல் வீட்டில் கேட்டேன். "நாம குடிவரலையே சூடாமணி, வெறுதே இருக்கோம்" என்றார். வெறுதே! சும்மாவாம்! ஏழு வருஷம் நான் வெறுதே இருந்தேன்.

எங்களுக்கு ஒரே பெண், விஜயம். அவளைப் பெண் பார்க்க ஆலப்புழையிலிருந்து வந்தவர்கள் கரமனை வீட்டில் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுப் போனார்கள். நிச்சயதார்த்தத்துக்கு நேரே அதே வீட்டில் போய் இறங்கினார்கள். நாங்கள் அதற்குள் மாறியிருந்தோம். நாலு நாள் முன்னால் இவர் எழுதிப்போட்ட கார்டு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அங்கே ஒரு ரிட்டையர் ஆன தாசில்தார் வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு வந்து, "என் பேத்திக்கு ஏழு வயசுதானே ஆறது?" என்றாராம். கல்யாணம் என்னமோ நடந்துவிட்டது. ஆனால் சம்பந்தி அம்மாள் அதை மறக்கவில்லை. ஐம்பத்தாறு தை மாதம் நான் ஆலப்புழை போயிருந்தபோது, விஜயம் முழுகாமல் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் கேட்டாள்.

"தலைப்பிரசவம் அம்மாவாத்திலேதான். அனுப்பறோம். பக்ஷே, எந்த ஆத்துக்கு?"

என் முகம் செத்துப்போயிற்று. பெற்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம் பார்க்க ஒரு வாசல் இல்லாதவள் நான். அன்றைக்கு நாங்கள் இருந்தது ஸ்ரீவராகம் குளத்துக்குத் தெற்கே, சாலைக் கடைத்தெரு மொத்த வியாபாரி பகவதிப்பெருமாளுடைய வீட்டில். நாஞ்சில்நாட்டுக்காரர். அவர் ஊர் மெட்ராஸோடு சேரப்போகிறது என்று தெரிந்ததும் நாகர்கோவிலுக்கே போய்விட்டார். நல்ல வீடு. வெளிச்சமான அறை, வற்றாத கிணறு, பக்கத்துத் தெருவிலேயே மருத்துவச்சி. "குளத்துக்குத் தெற்கே, இந்த ஆத்துக்குத்தான்" என்று சம்பந்தியிடம் அடித்துச் சொல்லிவிட்டேன்.

கும்ப மாதம், அதாவது மாசியில், விஜயம் வந்து இறங்கினாள். அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து இவர் முன்னால் நிறுத்தினேன். "பிள்ளைத்தாச்சி இருக்கற ஆத்தில் குடி மாத்தக் கூடாது. கேட்டேளா?" இவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அது செரிதான்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சித்திரை மாதமான மேடம் பிறக்கிறவரை நிம்மதியாகத் தூங்கினேன்.

மேடத்தில் கல்யாணராமன் வந்தார். திருச்சியில் ரயில்வே ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர், கொள்ளிடக்கரையில் பிறந்தவர். கூடவே அவர் சம்சாரம். சத்திரத்தில் தங்கி ஒரு வாரமாக வீடு தேடுகிறார்கள். "சும்மா பார்த்துட்டுப் போகட்டும்" என்று இவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இவருடைய 'சும்மா' எனக்கா தெரியாது?

அன்று நான் கோலம் போடவில்லை. காப்பியை வேண்டுமென்றே கழுநீர்மாதிரி கலந்து கொடுத்தேன். கல்யாணராமன் ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

"அடடா! டாக்டர் எனக்கு லைட்டாத்தான் குடிக்கச் சொல்லியிருக்கார். இந்தப் பக்குவம் யாருக்கும் வராதும்மா."

சரி, இந்த மனுஷரைப் பயமுறுத்தினால்தான் ஆகும் என்று நினைத்தேன். கொள்ளிடக்கரைக்காரருக்கு எது பயம் என்று யோசித்துச் சொன்னேன். "மாமா, ஒண்ணு சொல்லூடறேன். கர்க்கடக மாசம் பொறந்தா இந்தக் குளம் ரொம்பி, முத்தம் வரைக்கும் வெள்ளம் வந்துடும்."

அவர் துள்ளி எழுந்தார். "கேட்டியாடி? முற்றம் வரைக்கும் வெள்ளம் வருதாம்! இந்த ஊர்ல வெள்ளம்னா தண்ணின்னு அர்த்தம், தெரியுமோ? ஒரு வாரமா நானும் பாஷை கத்துண்டிருக்கேன். சத்திரத்துல ஒரு வாளி வெள்ளத்துக்கு எவ்வளவு அலைஞ்சோம்!"

"ஐயோ மாமா, அந்த வெள்ளம் இல்லை. தமிழ் வெள்ளம்! தமிழ் வெள்ளம்!"

"தமிழ் வெள்ளமோ மலையாள வெள்ளமோ, பருப்பு வெந்தா சரி" என்று சிரித்தார். திரும்பி இவரிடம், "ஓய், வீடு பிடிச்சுப்போச்சு. என்னிக்குக் குடிவரலாம்?" என்றார்.

இவர் வாய் திறந்தது. பிள்ளைத்தாச்சி இருக்கிறாள் என்று சொல்லத்தான் திறக்கிறார் என்று நம்பினேன். "குழப்பமில்லை, தாராளமா வரலாம்" என்றார். "ஒரு நல்ல நாளாப் பார்த்து..."

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. வெளி மனுஷர்கள் இருக்கிறார்கள் என்பதுகூடத் தோன்றவில்லை.

"போறும்! மதி! திருச்சிக்காராளைக் குடிவச்சேள், கோயம்புத்தூர்க்காராளைக் குடிவச்சேள், மைசூர்லேந்து வந்தவாளைக்கூடக் குடிவச்சேள். நான் இந்த ஊர்லேயே பொறந்தவள். இந்த ஊர்ல இன்னும் குடிவராதவள் நான் ஒருத்திதான்! என்னை என்னிக்குக் குடிவைக்கப் போறேள்?"

சொல்லிவிட்டு அழுதேன். விஜயம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். நிறைமாதம். அவளைப் பார்த்ததும் கல்யாணராமன் சம்சாரம் சட்டென்று எழுந்தாள்.

"ஏன்னா, கிளம்புங்கோ. வயித்துப்பிள்ளைக்காரியைத் தெருவில நிறுத்திட்டு நாம பால் காய்ச்சணுமா? இந்த மாமா வேற வீடு காட்டட்டும்."

வேறு வீடு என்றால் இரண்டு தெரு தள்ளி ஒன்றுதான் இருந்தது. எங்கள் பழைய வக்கீலின் வீடு, ஏழு வருஷமாகப் பூட்டு. இவர் என்னைப் பார்த்தார். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அடுத்த நாள் ஒரு குமுட்டி அடுப்பையும் இரண்டு பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு தனியாகவே அங்கே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறாராம்! போகட்டும் என்று விட்டேன்.

அந்த வாரம் பகவதிப்பெருமாள் நாகர்கோவிலிலிருந்து வந்தார். "ஐயரு எங்கம்மா? ஆளு கெடச்சாச்சா?"

கதவுக்குப் பின்னால் நின்று சொன்னேன். "கெடச்சாச்சு. வாடகைக்கு."

"யாராக்கும்?"

"நான்தான்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அப்படி ஒரு சிரிப்பு. "ஏழு வருசமா ஊருக்கெல்லாம் ஆளு கொண்டுவாறாரு. வீட்டுக்காரியை மட்டும் இப்பளாக்கும் கொண்டுவந்திருக்காரு! இருங்கம்மா. நல்லா இருங்க."

வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினேன். பொங்கி வழிந்தபோது என் கண்ணும் வழிந்தது. கல்யாணராமன் சம்சாரம் பூவும் பழமும் கொண்டுவந்தாள். இவரும் வந்தார், விருந்தாளிமாதிரி ஓரமாக நின்று பால் குடித்துவிட்டுப் போனார்.

வக்கீல் வீட்டைப் பற்றி ஊரே சிரித்தது. விடியற்காலையில் ஆண்பிள்ளை குனிந்து கோலம் போடுகிறார். ஒரு பக்கம் பெரிதும் ஒரு பக்கம் சிறிதுமாக அது கோணிக்கொண்டு கிடந்ததை நானும் குளத்துக்குப் போகிற சாக்கில் பார்த்தேன். கை துறுதுறுத்தது. போட்டுக் கொடுக்கக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு வந்தேன். ஆனால் வௌவால் போய்விட்டது, அடுப்புப் புகைந்தது. கல்யாணராமன் அந்த வீட்டையே எடுத்துக்கொண்டார்.

வைகாசிப் பாதியில், எடவப்பாதி மழை கொட்டும்போது விஜயத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. சம்பந்தி அம்மாள் ஸ்டேஷனிலிருந்து நேரே வந்து இறங்கினாள், யாரிடமும் வழி கேட்கவில்லை. பதினோராம் நாள் புண்யாகவாசனத்தன்று இவர் மணக்காட்டு வீட்டிலிருந்து வந்தார். ஆமாம், அதற்குள் மணக்காட்டில் ஒன்று. வாசலில் நின்று கோலத்தைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார், காப்பி வாசனையை மூக்கால் இழுத்தார்.

"சூடாமணி, இப்போ இந்த வீட்டை யாருக்கானும் காட்டினா..."

"காட்டுங்கோ பார்க்கலாம்!" என்றேன். கையில் கரண்டி இருந்தது.

சிரித்தார். பேத்தியை மடியை விட்டு இறக்கவில்லை. சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டபோது எனக்கு மனசு கேட்கவில்லை. "இங்கேயே இருந்தூடுங்கோளேன்" என்றேன். ஏழு வருஷத்தில் அவரை இருக்கச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நாளைக்குச் சேலத்துக்காரர் வரார். நான் இங்கே இருந்தா அங்கே யார் அடுப்பு மூட்டறது? ஊர் ஒழிஞ்சு போயிடும், சூடாமணி" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார். பாவி மனுஷர், குடையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது எனக்கு விலாசம் இருக்கிறது. அவருக்கு வருகிற தபாலையும் என்னிடம்தான் கொடுக்கிறார்கள். "அவர் எங்கே இருக்கார்?" என்று புதுத் தபால்காரர் போன வாரம் கேட்டார். "எல்லா வீட்டிலேயும் இருக்கார், இந்த வீட்டில் மட்டும் இல்லை" என்றேன். யாரைச் சொல்கிறேன் என்று புரியாமல் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஐயப்பன் வண்டியோடு வருவான். கெட்டியாகக் காப்பி போட்டுத் தூக்கில் ஊற்றிக் கொடுத்தனுப்புவேன். எந்த வீடு என்று நான் கேட்பதில்லை. அவனுக்குத் தெரியும்.