கடல் மேல் போட்ட பழி

கடலோரச் சாலையில் சுற்றுலா பஸ் ஓட்டிய அந்த அம்மாவை டிப்போவில் எல்லோரும் ஹாரன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மலை கடலில் இறங்கும் இடங்களில் சாலை நெளிந்து நெளிந்து போகும். வளைவுக்கு வளைவு ஹாரனை விடாமல் அடிப்பார். வாயும் அப்படித்தான், மனதில் பட்டதை மூடி வைக்கத் தெரியாது.

பஸ்ஸை ஓட்டியபடியே மைக்கில் வழியை விளக்குவதும் அவர் வேலை. நேராகக் கடலுக்குள் விழும் அருவி, வௌவால் குகை, காற்றுக்கு இடம் மாறும் மணல்மேடுகள், கடைசியில் ஊசிக்காது. அலை குடைந்து குடைந்து நடுவில் பெரிய ஓட்டை விழுந்த பாறை அது. ஓட்டை வழியாக அந்தப் பக்கத்துக் கடல் தெரியும். அதுவரை தூங்கி வழிந்தவர்கள்கூட அங்கே வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். தானே செய்து வைத்த மாதிரி அக்காவுக்குப் பெருமை பிடிபடாது.

சுற்றுலா அலுவலகத்துக்குப் புது மேனேஜர் வந்தார். இருட்டினால் பாறை தெரியவில்லை என்பது அவருக்குப் பெரிய குறையாகப் பட்டது. வண்ண விளக்கு போட உத்தரவானது. ஆட்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு பாறையின் உச்சியில் துளை போட்டு இரும்புக் கம்பிகளை இறக்கினார்கள். கல்தூள் மாவாய்க் கொட்டியதை அக்கா பஸ்ஸில் இருந்தபடியே பார்த்தார். இப்படித் துளைத்தால் பாறை என்ன ஆகும் என்று நேரே மேனேஜரிடம் போய்க் கேட்டார். இத்தனை காலம் கடலையே தாங்கிய பாறை நாலு கம்பியைத் தாங்காதா என்று அவர் சிரித்து அனுப்பிவிட்டார்.

அடுத்த மழையில் ஊசிக்காது இடிந்து விழுந்தது. விளக்குகளும் அதோடு போயின.

கடல் சீற்றத்தால் பாறை விழுந்தது என்று அலுவலகம் அறிவித்தது. கேட்பவர்களிடம் அதையே சொல்லும்படி டிரைவர்களுக்கும் உத்தரவு. அந்தக் கேவலம் போதாதென்று, பஸ்ஸின் பக்கவாட்டில் பாறையின் படத்தை மட்டும் அப்படியே விட்டு வைத்தார்கள். வந்தவர்கள் இறங்கி, மிச்சமிருந்த இரண்டு மொட்டைக் கல்லையும் பார்ப்பார்கள், பஸ்ஸில் இருக்கும் படத்தையும் பார்ப்பார்கள். திட்டு வாங்குவது டிரைவர்.

சில வாரம் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு உத்தரவுப்படியே சொன்னார். ஒருநாள், மனைவியைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்ட ஒரு பெரியவர், "இல்லாத பாறையக் காட்டுறதா சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்களே, உங்களுக்கே இது நியாயமா?" என்று கேட்டார். அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அக்காவைச் சுட்டது.

எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும் மைக்கைப் பிடித்தார். "கடல் மேல பழி போடாதீங்க. அது பாவம். அந்தப் பாறைய உடைச்சது எங்க ஆபீஸ்தான்."

மறுநாளே மேனேஜர் கூப்பிட்டார். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் விஷயம் இதோடு முடியும் என்றார்.

"பாறைய உடைச்சதுக்கு யாரு சார் கடிதம் குடுத்தா?" என்று கேட்டுவிட்டு அக்கா வெளியே வந்துவிட்டார். அந்த வாரமே அவரை ஆஸ்பத்திரி ரூட்டுக்கு மாற்றினார்கள். ஒரு ஓரத்தில்கூடக் கடல் தெரியாத ரூட்.

அவர் கணவர் தையல்காரர், சண்டை என்றாலே ஒதுங்கிப் போகிறவர். வேலை மிஞ்சியதே பெரிது, இனி வாயைக் கட்டு என்று மெஷினை மிதித்தபடியே கெஞ்சினார். அக்காவும் கொஞ்ச நாள் கட்டித்தான் பார்த்தார். ஆனால் அதே மாதிரி விளக்கு அடுத்து வௌவால் குகைக்குள் போகப்போகிறது, அதற்காக ஊர் மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கணவர் கடையை அடைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினார்.

மண்டபத்தில் அக்கா எழுந்து, தான் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். ஒரு டிரைவருக்குப் பாறையைப் பற்றி என்ன தெரியும் என்று மேனேஜர் கேட்டார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து நின்றார்.

"தொள போட்டது நான்தாங்க. போடும்போதே விரிசல் விட்டுச்சு. சொன்னேன். சிமெண்ட்ட வச்சுப் பூசிடுன்னாங்க."

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. குகைத் திட்டம் கைவிடப்பட்டது. மேனேஜர் தலைமை அலுவலகத்துக்குப் பதவி உயர்வில் போய்ச் சேர்ந்தார். துளை போட்டவருக்கு அதன் பிறகு அந்த அலுவலகத்தில் வேலை கிடைக்கவில்லை. அக்கா ஆஸ்பத்திரி ரூட்டிலேயே இருக்கிறார்.

குகையைக் காப்பாற்றிவிட்டீர்களே என்று பாராட்டுகிறவர்களிடம் அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைகிறபோதுதான் அது வெளியே வரும்.

"பாறை போச்சே, அதுக்கு யாருங்க பதில் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல," என்பார் கணவர். இப்போதெல்லாம் அவர் வாயைக் கட்டச் சொல்வதில்லை.