பந்தலுக்கு உருவிய ஆறு கம்புகள்

நம் கோயிலுக்குள் ஏன் தூணே இல்லை என்று கேட்டீர்கள் பிள்ளைகளே. ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரின் கிறிஸ்தவக் கோயில் போரில் குண்டு விழுந்து இடிந்ததாம். போர் முடிந்தபின் தூண் இல்லாமல் புதிதாகக் கட்டினார்களாம். அந்தப் பங்கு மக்கள் நமக்கும் உதவினார்கள். எண்பதுகளில், அவர்கள் அனுப்பிய போட்டோவைப் பார்த்துத்தான் நம் கோயிலைக் கட்டினோம்.

மேல்தளம் போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. அடியில் சவுக்குக் கம்புகளை நெருக்கமாக முட்டுக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் திருவிழாக் கொடியேற்றம். வெளியே பந்தல் போடுவது என் பொறுப்பு. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வரவேண்டிய கம்பில் ஆறு குறைந்தது. எனக்குக் கட்டட வேலை தெரியாது. தளம்தான் கல்லாக இறுகிவிட்டதே, இதுவும் சாமி வேலைதானே என்று நடுவிலிருந்து ஆறு கம்பை உருவிப் பந்தலுக்கு நட்டுவிட்டேன்.

சாயங்காலம் மேஸ்திரி வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"யாருய்யா கம்பைப் புடுங்குனது?"

"நாந்தானுங்க. ஆறே ஆறுதான்."

"ஆறே ஆறா? தளம் இன்னும் முழுசா இறுகல, நடுவுல தூணில்லாத கட்டடம்யா! உள்ள யாரு அது?"

உங்கள் பெரிய அக்கா. அப்போது ஐந்து வயது. மற்ற பிள்ளைகள் போனபிறகும் தோரணத்துக்குக் கலர் பேப்பர் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் கம்பு உருவிய இடம் விசாலமாக இருக்கிறதென்று அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பலகை இடுக்கிலிருந்து மணல் அவள் பாவாடையில் உதிர்ந்தது.

கத்த வாயெடுத்தேன். மேஸ்திரி என் தோளை அமுக்கினார். "கத்தாதீங்க. பயந்து ஓடுனா கம்புல மோதிடும்."

"கண்ணு, அப்பாகிட்ட வா."

"இருப்பா, இன்னும் ரெண்டு பேப்பர் கீது."

மேலே பலகை ஒருமுறை முனகியது. "அந்தப் பசைக் கிண்ணத்தக் கொண்டா, அப்பாவுக்கு வேணும்."

எழுந்தாள். பசை சிந்தக் கூடாதென்று கிண்ணத்தையே பார்த்தபடி அடிமேல் அடி வைத்து வந்தாள். வாசலைத் தாண்டியதும் வாங்கினேன்.

"ஏம்பா நீ சிந்துற?" என்றாள்.

பந்தலைப் பிரித்தோம். "புடுங்குனவரே வாங்க," என்று மேஸ்திரி என்னோடு உள்ளே வந்தார். கம்பை மறுபடி நிறுத்தி ஆப்பு அடிக்க அடிக்க மணல் கொட்டியது. ஆறாவது கம்பு இறுகும்வரை எனக்கு ஜெபம்கூட வரவில்லை.

மறுநாள் வெயிலில் கொடியேறியது. எல்லோரும் திட்டினார்கள்.

பூசையில் நான் ஏன் அண்ணாந்தே பார்க்கிறேன் என்று அக்கா இன்றும் கேட்கிறாள். நான் எழுதித் தரும் இதை நீங்களே அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். எனக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை.