மார்செலோவின் அம்மாவைக் கட்டிப்பிடிக்கப் போனவர்

கடல் கடந்து வந்து பென்ரோஸில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சோதிலிங்கத்துக்கு ஐம்பத்தாறு வயது. எந்தப் பாரத்தையும் அலுங்காமல் தூக்கி வைப்பார். மனிதரைத் தொடுவதென்றால் மட்டும் மனுசனுக்குக் கை வராது.

கூட வேலை செய்யும் பிரேசில்காரன் மார்செலோவின் அம்மாவுக்கு இருதயத்தில் ஆபரேஷன் செய்ய நாள் குறித்திருந்தார்கள். அவனோ விசா முடிவுக்குக் காத்திருப்பவன். நாட்டை விட்டுப் போனால் திரும்ப முடியாது. அவன் அழுததைப் பார்த்ததும், "நான் போய்ப் பாத்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டார் சோதிலிங்கம். சொல்லாமல் என்ன செய்வார்? அவருடைய அகதி வழக்கு ஏழு வருடம் இழுத்தபோது, சாவகச்சேரியில் அவர் அம்மாவும் இப்படித்தான் காத்திருந்தாள். காத்திருந்தே கண்ணை மூடிவிட்டாள்.

"ஒன்றே ஒன்று செய், லிங்கம். எனக்காக அம்மாவை இறுக்கிக் கட்டிப்பிடி" என்றான் மார்செலோ.

இதைக் கேட்டு மனைவி ரதிதேவி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆக்களுக்கு முன்னால என்ர கையைக்கூடப் பிடிச்சதில்லை. நீங்கள் போய்க் கட்டிப்பிடிக்கப் போறியளோ?"

பிரேசிலில், பெலோ ஒரிசோன்சி விமான நிலையத்தில் மார்செலோவின் சொந்தக்காரர் ஒரு பட்டாளமே நின்றது. வந்தவர்கள் எல்லோரும் அவர் கன்னத்தில் முத்தம் வைத்தார்கள். அவர் லைட் போஸ்ட் மாதிரி நின்றார். வீடு இருந்த தெரு அவ்வளவு செங்குத்து; கார் முனகிக்கொண்டே ஏறியது. மேசையில் சோற்றிலும் கறுப்பு அவரையிலும் ஆவி பறந்தது. அட, இதற்கா இவ்வளவு தூரம் பயந்து வந்தோம் என்று மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டார். அயலட்டைச் சனம் முழுவதும் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒருவரும் கேட்கவில்லை. நம்முடைய கலியாண வீடு தோற்றுப்போகும்.

மார்செலோவின் அம்மா சுல்மிரா காலையில் எழுந்ததும் அவரைக் கட்டிக்கொள்வாள். அவர் கைகள் இரண்டும் கீழேயே தொங்கும். வாங்குவது வேறு, கொடுப்பது வேறு அல்லவா? தன்னைப் பெற்றவளிடம் விடைபெற்ற அன்றும் வேலிப் படலையடியில் நின்று "போட்டு வாறன்" என்றதோடு சரி. பாவி மனுசன், அவளைத் தொடவே இல்லை.

"கொடுத்தாயா?" என்று மார்செலோ தினமும் போனில் கேட்டான்.

"நாளைக்கு."

நாளைக்கு, நாளைக்கு என்று ஐந்து நாளும் ஓடிவிட்டன. ஆறாம் நாள் காலை டாக்ஸி வந்து நின்றது. சுல்மிரா வாசலுக்கு வந்தாள். நாலே நாளில் ஆபரேஷன். முகம் சிரித்தது, விரல்கள் நடுங்கின. அந்த விரல்களைப் பார்த்ததும் சோதிலிங்கம் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளை இறுக்கிக் கட்டிப்பிடித்தார்.

"மார்செலோ" என்றார்.

அவள் ஒரு குழந்தையைப் போல விம்மினாள். பிறகு அவர் முதுகைத் தட்டிக்கொடுத்து, மெல்லக் கையை எடுத்தாள். அவர் விடவில்லை.

டாக்ஸிக்காரன் ஹார்ன் அடித்தான். மார்செலோவின் தங்கை ரெஜினா, "பிளேனுக்கு நேரமாகிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"ஒரு நிமிசம் நிக்கச் சொல்லு பிள்ளை" என்றார் அவர், தமிழில். "இது என்ர அம்மாவுக்கு."

ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் டாக்ஸிக்காரன் என்ஜினை நிறுத்தினான்.