வலி மாத்திரை கேட்காத நோயாளி

காலையில் லேப் ரிசல்ட்டைத் திறந்ததும் எண்ணைப் பார்த்தேன். அப்புறம் பெயரைப் பார்த்தேன். வேறு யாருடையதாவது மாறி வந்திருக்கக் கூடாதா என்று ஒரு நப்பாசை. மாறவில்லை. வீரபாண்டி, கேன்சர் வார்டு, ஜன்னலோரக் கட்டில். பரமக்குடிப் பக்கத்துப் பையன். இங்கே சவுதியில், தம்மாமில் சாரம் கட்டும் வேலை. முழங்காலுக்கு மேலே எலும்பில் புற்றுநோய்.

அவனுக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தைப் பெரிய டோஸில் ஏற்றியிருந்தோம். கட்டியை அடித்துவிட்டு அது சிறுநீர் வழியாக வெளியே போய்விட வேண்டும். போகாமல் தங்கினால் கிட்னியைக் கெடுக்கும், வாயெல்லாம் புண்ணாக்கும், புது ரத்தம் ஊறுவதை நிறுத்தும். ஆளே போய்விடுவதும் உண்டு. அதனால்தான் கூடவே சலைன் ஓடும், சிறுநீரின் அமிலத்தை முறிக்க பைகார்ப் ஓடும், உடம்பைக் காப்பாற்ற ரெஸ்க்யூ மருந்து ஓடும். ரத்தத்தில் அளவு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தினமும் பார்ப்போம். அன்றைக்கு அது நன்றாக இறங்கியிருக்க வேண்டும். இறங்கவே இல்லை. கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் மட்டும் ஏறியிருந்தது.

நான் அந்த வார்டின் கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட். படுத்திருப்பவருக்கு எழுதும் மருந்துகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் பார்ப்பது என் வேலை. சுருக்கமாகச் சொன்னால், சந்தேகப்படுவதற்குச் சம்பளம். "உனக்குன்னே கண்டுபிடிச்ச வேலை" என்பார் என் வீட்டுக்காரர்.

சிஸ்டம் பச்சை காட்டியது

அவனுடைய மருந்துகளை மறுபடி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். வயிற்று எரிச்சலுக்கான மாத்திரையை மருந்து ஏற்றுவதற்கு முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தேன். இந்த மருந்தை வெளியே போக விடாத ஆன்டிபயாட்டிக் எதுவும் இல்லை. திரையில் ஒரு எச்சரிக்கை கூட வரவில்லை. டாக்டரிடம் ஓடினேன். எகிப்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் நின்று பேச அவருக்கு நேரம் இருக்காது. இங்கே ஃபார்மசிஸ்ட் பெண்களையும் 'தக்தூரா', அதாவது டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"தக்தூரா, சிஸ்டம் க்ளீன். சிலர் உடம்பு அப்படித்தான். ரெஸ்க்யூ டோஸை ஏத்திட்டேன், சலைனையும் ஏத்திட்டேன். கலாஸ், அவ்ளோதான்" என்று இங்கிலீஷும் அரபுமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

டோஸை ஏற்றியது சரிதான். ஆனால் குழாயை மூடாமல் தரையை எவ்வளவு நேரம் துடைப்பது? நேராக வீரபாண்டியிடம் போனேன்.

"தம்பி, நாங்க குடுக்குறது தவிர வேற எதுவும் மருந்து சாப்பிடுறியா?"

"இல்ல மேடம்."

"லேகியம், கஷாயம், சத்து மாத்திரை?"

"எதுவுமே இல்ல மேடம்."

"பெப்சி குடிச்சியா? அதுகூட இந்த மருந்துக்கு ஆகாது."

"பெப்சியும் மாஃபி மேடம்" என்று சிரித்தான். இந்த ஊருக்கு வந்து முதலில் கற்றுக்கொண்ட அரபு வார்த்தையாக இருக்கும், 'இல்லை' என்பது.

நர்ஸ் ஷைனி கோட்டயத்துக்காரி. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதல் சொல்ல வந்தாள். "தங்கம் போல பையனாக்கும் மேடம். ஒரு தொந்தரவு இல்ல. வேதனைக்கு மாத்திரை கூட கேக்கில்ல."

கேன்டீனில் போய் டீ வாங்கினேன். குடிக்க முடியவில்லை. என்னவோ உறுத்திக்கொண்டே இருந்தது. உட்காரவும் முடியாமல், டீயைக் கையில் பிடித்தபடி லிஃப்ட் வரைக்கும் போனேன், திரும்பி வந்தேன். அப்புறம்தான் பொறி தட்டியது. எலும்பில் கேன்சர் வந்தவன் வலி மாத்திரை கேட்கவில்லையா?

ஓடிப்போய் சார்ட்டைத் திறந்தேன். அட்மிட் ஆன அன்று டாக்டர் எழுதியிருக்கிறார்: வலியால் தூக்கமே இல்லை. கேட்டால் கொடுக்கலாம் என்று வலி மாத்திரையும் எழுதியிருக்கிறார். அதற்கு எதிரே ஒவ்வொரு ஷிஃப்டிலும் 'கேட்கவில்லை, கேட்கவில்லை' என்றே இருந்தது. யாரும் அதைப் பார்த்துப் பயப்படவில்லை. நானும்தான்.

திரையை இழுத்துவிட்டேன்

மேலே போனபோது வெள்ளிக்கிழமை விசிட்டிங் நேரம். கட்டில் ஓரத்தில் பிரியாணிப் பொட்டலத்தோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். வீரபாண்டியின் ரூம்மேட், பெயர் தங்கராசு, அவனைவிட மூத்தவர், கம்பெனியில் டிரைவர். என் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும், "அப்ப நான் வரேன்டா" என்று எழுந்தார்.

"இருங்கண்ணே" என்று கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டேன். என் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து அவன் மேஜைமேல் வைத்தேன்.

"இது எனக்குத் தலைவலிக்கு. லீவுக்குப் போறப்பல்லாம் எங்க தெரு மெடிக்கல்ல வாங்கிட்டு வந்துருவேன். மருந்துக்கு நடுவுலயே வேலை பாக்குறேன், ஆனா எனக்கு இதுதான் கேக்கும். உன்னோடது எங்க தம்பி?"

வீரபாண்டி தங்கராசுவைப் பார்த்தான். அவர் திரையைப் பார்த்தார்.

"அண்ணனை இதுல இழுக்காதீங்க மேடம்."

"நான் யாரையும் இழுக்க வரல. ஏத்துன மருந்து வெளிய போக வழியில்லாம உள்ளேயே நிக்குது. உன் கிட்னி கெட்டுக்கிட்டு இருக்கு. எனக்கு மாத்திரையோட பேரு தெரிஞ்சாகணும், இப்பவே."

தங்கராசு தலையணை உறைக்குள் கையை விட்டு ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தார். உள்ளே பிஸ்கட் இல்லை. டைக்ளோஃபெனாக், அட்டை அட்டையாக. ஊரில் மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் சாதாரணமாகத் தின்கிற மாத்திரைதான். மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்ந்தால் அதை வெளியே போக விடாது. அட்மிட் ஆனதிலிருந்து காலையும் ராத்திரியும் போட்டிருக்கிறான்.

"ஏன்டா, கேட்டிருந்தா நாங்களே நல்ல மாத்திரையா குடுத்திருப்போமே?" என் குரல் உயர்ந்துவிட்டது.

"மொத நாள் டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், அப்புறம்தான் வலிக்குது வலிக்குதுன்னு ஃபைல்ல ஏறிட்டா அன்ஃபிட் போட்டு எக்ஸிட் அடிச்சு ஊருக்கே அனுப்பிருவாங்கன்னு லேபர் கேம்ப்ல சொன்னாங்க மேடம். வலியே இல்லன்னு இருந்தா, ஆபரேஷன் முடிஞ்சு ஸ்டோர்லயாவது உக்கார வைப்பாங்கல்ல."

"அவன் துடிக்கிறத பாக்க முடியல மேடம்" என்றார் தங்கராசு. "நல்லதுன்னு நெனச்சுத்தான் கொண்டாந்தேன்."

கேன்சரைவிட எக்ஸிட்டுக்குப் பயந்திருக்கிறான் பாவி. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அட்டைகளைக் கொண்டுபோய் டாக்டர் முன்னால் வைத்தேன். "யா ரப்பி" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மாத்திரை நின்றது, ரெஸ்க்யூ இன்னும் ஏறியது, வலிக்கு முறையான மருந்து போனது. அடுத்து வந்த நாட்களில் எனக்கு நிலைகொள்ளவில்லை. போன் பண்ணிக் கேட்டால் போதாதா? லேபுக்கே போய் நிற்பேன். "நீங்க முறைச்சா மெஷின் வேகமா ஓடாது தக்தூரா" என்று அங்கிருந்த பாகிஸ்தானிப் பையன் கிண்டல் பண்ணினான். கடைசியில் ஒரு காலையில் எண் இறங்கியது. கிட்னியும் மெல்லத் தேறியது. ஷைனி எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாள்.

அவன் கேட்டது

கம்பெனி அவனுக்கு எக்ஸிட் அடித்துவிட்டது. கேம்ப்பில் சொன்னது பொய்யில்லை, அந்த எரிச்சல் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை. மீதி சிகிச்சைக்கு மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு டாக்டர் எல்லாவற்றையும் விவரமாக எழுதிக் கொடுத்தார்.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கம்ப்யூட்டருக்கு நாம் கொடுத்ததுதான் தெரியும். சார்ட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கும்போது, இருக்க வேண்டியது எது இல்லை என்றும் பாருங்கள். 'வேற மருந்து சாப்பிடுறீங்களா' என்று நான் இப்போது கேட்பதில்லை. 'ரூம்ல இருந்து என்ன கொண்டாந்தாங்க' என்றுதான் கேட்கிறேன். எக்ஸிட் வராது என்று யாருக்கும் வாக்குக் கொடுப்பதும் இல்லை, அது என் கையில் இல்லை.

அவன் கிளம்பிய அன்று தங்கராசு வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்தார். கீழே வண்டி நின்றது. லிஃப்ட் கதவு திறந்ததும் வீரபாண்டி கையைக் காட்டி நிறுத்தினான். அன்றைக்குத்தான் அவன் என்னை மேடம் என்று கூப்பிடவில்லை.

"அக்கா, ஊருக்குப் போனப்புறம் வலிச்சா, வலிக்குதுன்னு சொல்லலாம்ல?"

"சொல்லுடா" என்றேன். "நல்லா சத்தமா சொல்லு."

தலையாட்டினான். தங்கராசு வீல்சேரை உள்ளே தள்ளும்போது சக்கரம் கதவில் இடித்தது. "ஸ்ஸ், வலிக்குதுண்ணே" என்றான்.